அந்த இடத்தில் கனம் ஜாஸ்தி

படம் மறுபடியும் நின்றது.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் ஆடிய பெண்கள் எல்லாரும் தூக்கிய கையும் மடக்கிய காலுமாக அப்படியே நின்றார்கள். எடிட்டர் மௌஸைக் கீழே வைத்துவிட்டுத் திரையை முறைத்தார். சற்று நேரம் கழித்து, முறைத்ததற்குப் பயந்ததுபோல, பெண்கள் மறுபடி ஆடத் தொடங்கினார்கள்.

"பாத்தியா? பாத்தியா? மனுஷன் இதை வெச்சுக்கிட்டு எப்படிப் பொழைக்கிறது?" என்றார் மனைவியிடம்.

"என்கிட்ட ஏங்க கோவிச்சுக்கிறீங்க? நான் துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன்."

யாரிடமாவது கோபித்துக்கொண்டுதானே ஆக வேண்டும். கம்ப்யூட்டரைத் திட்டினால் அதற்கு உறைக்கவா போகிறது? வாங்கியபோது கடைக்காரர் என்ன சொல்லிக் கொடுத்தார்? "வீடியோ எடிட்டிங்கா? தாராளமா பண்ணலாம்." தாராளமாம். தாராளமாக நிற்கிறது.

எடிட்டர் போன மாதம்வரை ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். தலைமுடி நரைக்கும்வரை உழைத்த இடம். ஒரு நாள் முதலாளி வாடிக்கையாளர் முன்னாலேயே, "இவன் கட் பண்ணா வெட்டுன இடம் வெளிய தெரியும்" என்று சொல்லிவிட்டார். எடிட்டருக்கு எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளத் தெரியும். தன் வெட்டைப் பற்றிச் சொன்னால் மட்டும் பொறுக்காது. அன்றைக்கே வேலையை உதறிவிட்டார். வாசல்வரை வந்து முதலாளி சொல்லி அனுப்பினார்:

"வீட்ல உக்காந்து ஃபோர்-கே எடிட் பண்றது காய் நறுக்குற மாதிரின்னு நெனச்சியா? அதுக்குத் தகுந்த மிஷின் வேணும்யா. பாரு, திரும்பி இங்கதான் வந்து நிப்பே."

அங்கே போய் நிற்பதைவிட வேறு எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம் என்று எடிட்டர் முடிவு கட்டியிருந்தார்.

வீட்டுக்கு வந்த முதல் வேலை ஒரு டான்ஸ் டீச்சருடையது. அவருடைய மாணவிகள் ஒரு போட்டியின் முதல் சுற்றில் முதல் பரிசோடு ஜெயித்திருந்தார்கள். அன்று எடுத்த வீடியோவைச் சுத்தமாக எடிட் செய்து இறுதிச் சுற்றுக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி நேரம். "இது நல்லா வந்துச்சுன்னா, சார், எங்க ஸ்கூல் நிகழ்ச்சி அத்தனையும் உங்களுக்குத்தான்" என்று டீச்சர் சொல்லியிருந்தார். நன்றாக வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எடிட்டருக்குத் தெரியும். முதலாளியின் வாசல்.

வீடியோவை எடுத்தது எடிட்டரின் மச்சான். மனைவியின் தம்பி. புது கேமரா, புது ஸ்டாண்டு, எல்லாம் ஃபோர்-கே. சாதாரண வீடியோவைவிட நாலு மடங்கு நுணுக்கம். பெண்களின் காதுத் தோட்டில் கல் உதிர்ந்திருந்தால்கூடத் தெரியும்.

"கேமராவுல கோளாறு ஒண்ணும் இல்லையே?" என்று எடிட்டர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? ஸ்டாண்டுல மாட்டி, ஃபோகஸ் வெச்சு, பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா அழகா ஓடிக்கிட்டு இருக்கு. கோளாறு உங்க சிஸ்டத்துலதான். மெமரி பத்தல."

அதில் நியாயம் இருந்தது. ஸ்டூடியோவில் மிஷின் வாங்குவது முதலாளியின் வேலை, அதன் முன்னால் உட்காருவது எடிட்டரின் வேலை. மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தனை ஜிபி ராம் இருக்கு?"

"எட்டு."

கடைக்காரர் உச்சுக் கொட்டினார். "எட்டை வெச்சுக்கிட்டா சார் ஃபோர்-கே பாக்குறீங்க?"

"நீங்கதான எட்டு போதும்னு குடுத்தீங்க?"

"அது அப்போ."

ராமைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்தது. எடிட்டர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பாட்டு தொடங்கியது, பெண்கள் சுழன்றார்கள், சுழன்று முடிந்ததும் நின்றார்கள்.

முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார்கள்.

இதில் அவருக்கு இன்னொரு வயிற்றெரிச்சல் வேறு. படம் நிற்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கைதட்டல் கேட்டது. எங்கேயோ ஒரு கூட்டம் உட்கார்ந்துகொண்டு, இவர் வீட்டு மிஷின் திணறுவதைப் பார்த்துக் கேலி செய்வதுபோல இருந்தது.

"ஒரே இடத்துல நிக்குதா?" என்றார் கடைக்காரர் ஃபோனில். குரலில் அக்கறை கூடியிருந்தது. "அப்போ அந்த இடத்துல டேட்டா கனம் ஜாஸ்தி சார். ராம் தாங்காது. கிராபிக்ஸ் கார்டுதான் தூக்கணும்."

கிராபிக்ஸ் கார்டு வந்தது. அதற்கு மூன்று விசிறிகள் இருந்தன. எடிட்டர் வீட்டு ஹாலில்கூட ஒன்றுதான். கார்டை உள்ளே வைத்தால் கேபினெட் மூட மாட்டேன் என்றது. வேறு கேபினெட் வாங்கினார். மூடியது, ஆனால் கம்ப்யூட்டர் உயிர்பெறவில்லை. இவ்வளவு பெரிய கார்டுக்கு இந்தப் பவர் சப்ளை எப்படிப் போதும் என்று கடைக்காரர் சிரித்தார். கார்டை விற்றபோது அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாராம்? பவர் சப்ளையும் மாறியது. புது கேபினெட் மேஜையில் அடங்காததால், தையல் மிஷின் இருந்த இடம் அதற்குப் போனது. தையல் மிஷின் சமையலறைக்குப் போனது.

"இனிமே உக்காந்து தைக்கிறப்பவே குழம்பையும் கிண்டிக்கலாம்" என்றாள் மனைவி.

"இந்த ஒரு வாரம் பொறுத்துக்க. நம்ம மானம் இதுல இருக்கு."

"உங்க மானத்துக்கு இவ்ளோ எடம் வேணுமா?"

எடிட்டர் வீடியோவை ஓட்டினார். கேபினெட்டுக்குள் கலர் கலராக விளக்குகள் எரிந்தன. பெண்கள் குதித்தார்கள். குதித்து இறங்கியதும் நின்றார்கள். கைதட்டல் கேட்டது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

ஆனாலும் தொழில் தெரிந்தவர். ஸ்டூடியோவில் கனமான வீடியோ வந்தால் அதைச் சின்ன சைஸில் நகல் எடுத்து, அதை வைத்து வேலை பார்ப்பார்கள். அப்படி ஒரு நகல் எடுத்தார். ஒரு குழந்தையின் ஃபோனில்கூட ஓடக்கூடிய அளவுக்குச் சின்னது. அதுவும் நின்றது. அதே இடங்களில்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" கடைக்கே போய்க் கேட்டார். "நகல்ல ஏது கனம்?"

கடைக்காரர் துளியும் அசரவில்லை. "நகலை எந்த மிஷின்ல எடுத்தீங்க?"

"என் மிஷின்லதான்."

"மிஷின்ல இருக்கிற சீக்கு நகலுக்கும் ஒட்டாதா சார்?"

எடிட்டருக்கு அந்த நேரத்தில் இது சரியென்றே பட்டது. கையோடு ஒரு எஸ்எஸ்டி வாங்கி வந்தார். பழைய ஹார்டு டிஸ்க் மெல்லப் படிக்கும், இது வேகமாகப் படிக்கும் என்றார்கள். வேகமாகத்தான் படித்தது. நிற்க வேண்டிய இடத்துக்கு வேகமாகப் போய் நின்றது.

இதற்குள் அறை கொதிக்கத் தொடங்கியிருந்தது. மூன்று விசிறிகளும் சேர்ந்து உள்ளே இருந்த சூட்டை எடுத்து எடிட்டரின் முழங்காலில் கொட்டின. மச்சான் வந்து பார்த்துவிட்டு, மிக நிதானமாகச் சொன்னான்:

"ஹீட்டு மாமா. சூடேறினா மிஷின் தானா வேகத்தைக் கொறச்சுக்கும். அதான் நிக்குது. இதை ஏசியில வெக்கணும்."

வீட்டில் ஏசி இருந்தது ஒரே அறையில். அதில் மாமனார் இருந்தார்.

மாமனார் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க மகள் வீட்டுக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார், டிவியில் எது ஓடினாலும் பார்ப்பார். அவரிடம் விஷயத்தை மனைவி சொல்ல மறுத்துவிட்டாள். மச்சானுக்கு அப்போதுதான் அவசர வேலை வந்தது. எடிட்டரே போய்ச் சொன்னார்.

"மாமா, ஒரு ரெண்டு நாள் நீங்க ஹால்ல படுத்துக்கணும்."

"விருந்தாளி வர்றாங்களா மாப்ளே?"

"இல்ல, கம்ப்யூட்டர்."

மாமனார் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். போகும் வழியில் மகளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். அன்று முழுக்க மனைவி எடிட்டரிடம் பேசவில்லை. ஒருமுறை பேசினாள். ஏசியும் கம்ப்யூட்டரும் ஓடும்போது இவள் மிக்ஸியைப் போட, வீடு மொத்தமும் பட்டென்று இருண்டது. அப்போது பேசினாள்.

"எங்கப்பாவை எழுப்பி வெளிய தள்ளியாச்சு. நான் இனிமே அம்மியில அரைக்கணுமா?"

"மிக்ஸி போடுறப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சேவ் பண்ணாததெல்லாம் போச்சு."

"ஒரு மிஷினுக்குக் குளிரூட்டி, விளக்கு போட்டு, விசிறி வீசி... எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்தியில துணி நனைச்சுப் போட்டீங்களா நீங்க?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கடையிலும் பாகம் கிடையாது. எடிட்டர் ஃபியூஸைப் போடப் போனார்.

குளிர்ந்த அறையில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, வீடியோவை மறுபடி ஓட்டினார். மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க வந்த மாமனார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெண்கள் ஆடினார்கள். நின்றார்கள்.

"பாருங்க மாமா. இவ்ளோ பண்ணியும் எப்படி நிக்குது பாருங்க."

"நல்லாத்தானே இருக்கு மாப்ளே" என்றார் மாமனார்.

"மொதல்ல கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இப்பவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அறையை விட்டு விரட்டப்பட்ட மனுஷன், வேண்டுமென்றே வெறுப்பேற்றுகிறார் என்று எடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. கடைக்காரர் இப்போது மதர்போர்டு என்று ஆரம்பித்தார். ஃபோனை வைத்துவிட்டு எடிட்டர் உட்கார்ந்து யோசித்தார். இத்தனை பேர் சேர்ந்து தன்னை இப்படி முட்டாளாக்கிவிட்டார்களே என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைக்காரர், மச்சான், மூன்று விசிறி வைத்த அந்தக் கார்டு, எல்லாம் கூட்டுச் சேர்ந்து தன்னை முதலாளியின் வாசலுக்குத் தள்ளப் பார்க்கின்றன. இவர்கள் யாருடைய தயவும் வேண்டாம். தன் கையில் தொழில் இருக்கிறது. வெட்டத் தெரியாதவன் என்றா சொன்னார் அந்த முதலாளி?

உட்கார்ந்தார். படம் உறையும் ஒவ்வொரு இடத்தையும் தேடிப் பிடித்தார். உறைந்த துண்டு முழுவதையும் வெட்டி எறிந்தார். வெட்டிய முனைகளை இழைத்து ஒட்டினார். கை இறங்கும் இடத்தோடு கை ஏறும் இடம், கால் திரும்பும் இடத்தோடு கால் திரும்பும் இடம். பாதிக்குப் பாதி போய்விட்டது. மிச்சமிருந்த ஆட்டத்தை மெல்ல இழுத்துப் பாட்டின் நீளத்துக்குக் கொண்டுவந்தார். பழைய சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் புதிதாக மேலே போட்டார். அந்தக் கேலிக் கைதட்டல் மொத்தமாகத் தொலைந்தது. சாப்பாட்டுத் தட்டு வந்தது, ஆறியது, திரும்பிப் போனது.

ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வெட்டிய இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவியைக் கூப்பிட்டார். கோபத்தோடுதான் வந்தாள். பார்த்து முடித்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்க கையில வேலை இருக்குங்க. இதை முன்னாடியே பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?"

எடிட்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கட்டிய நாளிலிருந்து அவள் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் டான்ஸ் டீச்சர் வந்தார். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு, உட்கார்ந்தால்கூட ஒரு பக்கமும் சாயாத பெண்மணி. எடிட்டர் அவரை ஏசி அறைக்கே அழைத்துப்போய், நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார். கதவோரத்தில் மனைவி நின்றாள். அவள் பின்னால் தலையணையோடு மாமனார். இனி அறை திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

படம் ஓடியது. டீச்சரின் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு இருந்தது. சற்று நேரத்தில் அது போய்விட்டது. பிறகு திரைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தார். எடிட்டர் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரிஜினல் ரொம்ப மோசமா இருந்துச்சு மேடம்," என்றார் எடிட்டர், அடக்கத்தோடு. "உங்ககிட்ட சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்னு விட்டுட்டேன். அடிக்கொரு தரம் படம் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. பிள்ளைங்க ஆடுனது அத்தனையும் வீணாப் போயிருக்கும். வேற ஆளா இருந்தா கை விரிச்சிருப்பான். நான் விடல. வீட்டையே புரட்டிப் போட்டேன். கடைசில உறைஞ்ச துண்டு ஒண்ணு விடாம எடுத்துட்டேன். இப்பப் பாருங்க, எங்கயாவது நிக்குதா?"

"நிக்கல சார்" என்றார் டீச்சர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க மேடம், எதுவா இருந்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் எடிட்டர், பாராட்டுக்குத் தயாராகி.

"சார், ஆடிக்கிட்டே இருக்கிறப்ப பாட்டு நடுவுல அத்தனை பேரும் ஒரே நேரத்துல சிலையா நிக்கணும், மூச்சு விடுறதுகூட வெளிய தெரியக் கூடாதுன்னு வருஷம் பூரா பழக்கினேன், அப்படி நின்னதுக்குத்தான் சார் எங்களுக்கு முதல் பரிசே குடுத்தாங்க."