நெஞ்சுக்குப் பவுடர் போட்ட புதன்கிழமைகள்

மாதா துணை

கடத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சில்வியாவுக்கு அப்பா செபாஸ்டின் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாதாவின் கருணையால் சுகம். ஓசூரில் நீயும் மாப்பிள்ளை ஆண்டோவும் சுகமாக இருக்கவும், பாப்பாவுக்குச் சளி விட்டிருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்று ஆரம்பித்தாலே நீ அழுகிறாய், உடனே உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது. ஆகவே பொறுமையாகப் படி. பதினெட்டாம் தேதி சேலத்தில் என் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றப்போகிறார்கள் என்று நீ போட்டிருக்கும் பத்து நாள் லீவை ரத்து செய்துவிடு. காரணத்தைச் சொல்கிறேன்.

என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை, ரத்தம் வந்த வழியே திரும்பிப் போகிறது, போகும்போது ‘உஷ்’ என்று சத்தம் போடுகிறது. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அது எவ்வளவு அருமையான சத்தம் என்பது. முப்பத்து மூன்று வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிய நான் ரிட்டயர் ஆன மறுநாளே யாருக்கும் வேண்டாதவன் ஆகிவிட்டேன். தர்மபுரியில் டாக்டர் கதிரவன் கிளினிக்கிலும் நாற்பத்து மூன்றாம் டோக்கன், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி. போன வருஷம் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருந்து புதன்கிழமைதோறும் ஐந்து மாணவர்களை அவரிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கும் நோயாளிகளையே பார்த்துப் படித்தால் போதாது, நடந்து வந்து நடந்து போகிற நோயாளிகளையும் பார்க்க வேண்டுமாம். அந்தச் சமயத்தில் ஒரு நாள் டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், முகம் மலர்ந்து, “பாடப் புஸ்தகத்துல இருக்கற மாதிரியே கேக்குது! செபாஸ்டின், புதன்கிழமை ஆனா வர முடியுங்களா?” என்றார். என்னை ஒருவர் ‘வர முடியுமா’ என்று கேட்டு எத்தனை நாளாயிற்று, சில்வியா! கண்ணே கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு டோக்கன் கிடையாது. நேரே உள்ளே போவேன். மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நெருக்குவார்கள். “பாத்தவங்க பின்னாடி போங்க, பாக்காதவங்க முன்னாடி வாங்க” என்று நான்தான் ஒழுங்கு செய்வேன், பழக்கம் விடுமா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று ஐந்து பேரும் அதே கேள்வியை அதே வரிசையில் கேட்பார்கள், சில சமயம் கேள்வி மறந்துபோனால் நானே எடுத்துக்கொடுப்பேன். ஜோஸ்வின் என்ற பையன் முதல் நாள் வலது பக்கம் வைத்துவிட்டு ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றான். “தம்பி, அது இன்னும் இந்தப் பக்கந்தான் இருக்குது” என்று இடது பக்கம் காட்டினேன். இன்னொருவன் கருவியைக் காதில் மாட்டாமலே, “நல்லா கேக்குது சார்” என்றான். ஒருத்தி, நெஞ்சு முடி உரசிக் கரகர என்று கேட்பதாகச் சொன்னாள். படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அடுத்த வாரமே சலூனுக்குப் போய் மழித்துக்கொண்டு, கொஞ்சம் பவுடரும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உன் அம்மா ராஜமேரி வாசலிலேயே மறித்துவிட்டாள். “முகத்துக்குப் பவுடர் போட்டா சரி, நெஞ்சுக்குப் போடற மனுசன இந்த வூட்லதாங்க பாக்கறேன்!” தெருவே சிரித்தது.

இதற்கு நடுவில் வத்தல்மலையில் இருந்து சென்னம்மாள் என்று ஓர் அம்மா வந்து சேர்ந்தார். அவருக்கும் வால்வு கோளாறுதான், ஆனால் என்னுடையதைவிட இரண்டு மடங்கு சத்தம். பிள்ளைகள் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இரண்டு புதன்கிழமை நான் சட்டைப் பொத்தானைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவர் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வந்தார். சத்தம் போன இடம் தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டோக்கன், மடியில் பொரி பொட்டலம். “ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்லீங்க, நிம்மதியா கெடக்குது. நேத்து பஸ்சு வரல, மலைய நடந்தே ஏறுனேன், மூச்சே வாங்கல” என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், கடைசி வாக்கியத்தைத்தான் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். எனக்கு முதல் வாக்கியம்தான் நெஞ்சில் தைத்தது.

இப்போது கனிமொழி விஷயத்துக்கு வருகிறேன், எல்லா வினையும் அவளால்தான். இண்டூரில் மஞ்சள் பயிரிடும் குடும்பத்துப் பெண். டாக்டர் “கேக்குதா?” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், இவள் மட்டும், “எனக்குக் கேக்கலைங்க சார்” என்பாள். நாலு வாரம் இதே பதில். கேட்கிற வரைக்கும் அவளுடைய பயிற்சி லாக் புக்கில் கையெழுத்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை முகம் வாடிப்போயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. என் சத்தம் எனக்கு மனப்பாடம் ஆயிற்றே, டாக்டர் அந்தப் பக்கம் திரும்பும்போது நாற்காலிக் கையில் விரலால் தட்டிக் காட்டினேன். ஒரு தட்டு, ஓர் இழுப்பு, ஒரு தட்டு, ஓர் இழுப்பு. டாக்டர் பார்த்துவிட்டார். “செபாஸ்டின், படிக்கறது அவங்களா நீங்களா?” என்றார். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குக் கேட்டுவிட்டது. கையெழுத்து கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு எலுமிச்சை மிட்டாய் கொடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். போன புதன்கிழமை மறுபடியும் கேட்கிறேன் என்று வந்தாள். நானும் பழைய ஞாபகத்தில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாம் வழக்கம்போல ‘உஷ்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் போகவில்லை. என் விரலைப் பார்த்தாள், கண்ணை மூடிக் கேட்டாள், மறுபடியும் விரலைப் பார்த்தாள். “ஐயா, நீங்க தட்டறது ஒண்ணா இருக்குதுங்க, உள்ள கேக்கறது வேறயா இருக்குதுங்க. நடுவுல நடுவுல தாளம் தப்புது” என்றாள். டாக்டர் வந்து வைத்துக் கேட்டார், சிரிக்கவில்லை. உடனே இ.சி.ஜி., புது மாத்திரை, சேலத்துக்குப் போன். இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்றுவிட்டார். அந்தப் பெண் ஓரமாக நின்று அழுகிறாள். நானே போய், “நீ எதுக்கும்மா அழற, சரியாத்தான சொன்ன” என்று தேற்ற வேண்டியதாயிற்று.

உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன் கண்ணு, எனக்குப் பயமாக இருக்கிறது. திறந்த நெஞ்சை மூடுவார்களா என்று ஒரு பயம். மூடினால், சத்தம் இல்லாத வெறும் ஆளாக அதே நாற்பத்து மூன்றாம் டோக்கனோடு உட்கார வேண்டுமே என்று அதைவிடப் பெரிய பயம். ஆகவே மாத்திரையே போதும். லீவை ரத்து செய். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பாப்பாவுக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் மாதா காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
செபாஸ்டின்

பின்குறிப்பு: கடிதத்தைப் பெட்டியில் போடாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்று, புதன்கிழமை, தர்மபுரி போய்விட்டேன். டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். வால்வில் இரண்டு வகை உண்டாம். சென்னம்மாளுக்கு வைத்தது விலங்குத் திசுவில் செய்தது, சத்தமே போடாது. இன்னொன்று உலோகம். காலமெல்லாம் மாத்திரை போட வேண்டும், அடிக்கடி ரத்தம் பார்க்க வரவேண்டும், அதோடு கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும், என் வயசுக்கு எதுவும் வைக்கலாம் என்றார். பக்கத்தில் நின்ற கனிமொழி, “அந்தச் சத்தத்த நாங்க இதுவரைக்கும் கேட்டதே இல்லீங்க ஐயா” என்றாள். உலோகம் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சு முடியை எடுக்க வேண்டும் என்றார்கள், அது ஏற்கெனவே ஆயிற்று என்றேன். மேலே எழுதியதை அம்மாவிடம் காட்டாதே. லீவைப் பதினைந்து நாளாகக் கேட்டு, இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு, பயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வரும்போது ஒரு பவுடர் டப்பா வாங்கி வா.