டாக்டர் அறையும் பழைய ஏர் கூலரும்

உத்தமபாளையம்
15.04.2009

அல்லிநகரத்து மச்சான் அல்தாப் அவர்களுக்கு,

உசேனின் ஸலாம். இங்கு யாவரும் நலம். உங்கள் முட்டிவலி குறைய துஆ செய்கிறோம்.

என் மகள் மிஸ்பா இங்கே கிளினிக் திறந்தாள் அல்லவா? டாக்டர் அறைக்கும் ஹாலுக்கும் நடுவே நான் பிளைவுட் தடுப்புதான் வைத்தேன். வந்தது வினை. உள்ளே பேசுவது முழுக்க வெளியே கேட்கிறது. கேட்டால் நம் சனம் சும்மா இருக்குமா? வைத்தியத்துக்கு வந்த மொக்கம்மாளிடம் மிஸ்பா, "எத்தன தரம் வயித்தால போச்சு?" என்று கேட்டால், ஹாலில் காத்திருக்கும் அவள் தெருக்காரன் ராக்கப்பன், "அஞ்சு தரம் டாக்டரம்மா! எங்க வீட்டத் தாண்டித்தான ஓடுனாக" என்கிறான். அந்த அம்மாள் மருந்துகூட வாங்காமல் எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து பெண்கள் மிஸ்பாவிடம் தலைவலியைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. "மத்ததச் சொல்லத் தேனிக்குப் போறாக அத்தா. இப்படியே போனா கிளினிக்க மூட வேண்டியதுதான்" என்று அவள் கண் கலங்கினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சத்தத்தைச் சத்தத்தால் அமுக்குவோம் என்று வீட்டுப் பழைய ஏர் கூலரைத் தூக்கிப்போய் டாக்டர் அறையில் வைத்தேன். அது போட்ட இரைச்சலில் உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கத்திப் பேச, முன்பு ஹாலோடு நின்ற சங்கதி பஸ் ஸ்டாண்டு வரை போனது. "அத்தா, சத்தம் வேண்டியது கேக்குறவக காதுக்கு. கூலர ஹால்ல வையுங்க" என்று மிஸ்பா தலையில் அடித்துக்கொண்டாள். வைத்தேன் மச்சான்! அடைமழைபோல் ஒரே சீரான இரைச்சல். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. மொக்கம்மாள் திரும்ப வந்து மனம்விட்டுப் பேசிவிட்டுச் சிரித்த முகமாய்ப் போனாள். தேனிக்குப் போனவர்கள் ஒவ்வொருவராய் வருகிறார்கள். ராக்கப்பனுக்குத்தான் கோபம்: "என்ன பாய், ஒரு சங்கதியும் காதுல விழுக மாட்டேங்குது! எப்படிப் பொழுது போக்குறது?" எனக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இனி இந்தக் கிளினிக்கிலிருந்து ஒரு ரகசியமும் வெளியே போகாது, நான் உத்தரவாதம்.

தங்கச்சிக்கு ஸலாம் சொல்லவும். உங்கள் வீட்டில் அல்லாஹ் பரக்கத்தைப் பொழியட்டும்.

இப்படிக்கு,
உசேன்

பி.கு: டோக்கன் மேசையில் உட்கார்ந்து இதை ஒட்டப் போன நேரம் கரண்ட் போய்விட்டது. கூலர் நின்றது. அப்போது பார்த்து உள்ளே மிஸ்பா, இங்கே கட்டிக்கொடுத்திருக்கும் உங்கள் மகள் பெனாசிரிடம், "ஏ பெனாசிர், நீ உண்டாகியிருக்கடி! யார்ட்டயும் சொல்லிறாத. அல்லிநகரத்து மாமாகிட்ட நீயே நேர்ல போய்ச் சொல்லு" என்றது ஹாலுக்கு மணிமணியாய்க் கேட்டது. ஹால் முழுக்கக் கைதட்டல். ராக்கப்பன் ஓடிப்போய் அல்வா வாங்கி வந்துவிட்டான். பெனாசிர் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறாள். இப்போதுதான் கேட்பதுபோல் துள்ளிக் குதியுங்கள், முட்டி வலித்தாலும் பரவாயில்லை. நான் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று மிஸ்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.