பதினாலாம் படியும் பதினேழாம் படியும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும், நீங்கள் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடும் என் வீட்டுக்காரியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். எனக்கு மட்டும் இடது முழங்காலில் பிளாஸ்திரி. காரணம் கீழே வரும். உங்கள் சுகத்தைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஏழு வாரமாக நீங்கள் எடுக்கவில்லை. ஆகையால் தபாலில் கேட்கிறேன். தபாலைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

எல்லாம் அந்தக் கால்பந்து கிளப் ஆபீஸ் கிளார்க்கம்மாவால் வந்த வினை. பழைய மைதானத்தை இடிக்கப் போகிறோம், படிகளில் நின்று ஆட்டம் பார்த்த ரசிகர்களின் நினைவுகளைப் புத்தகமாகப் போடுகிறோம் என்று ஆளுக்கொரு படிவம் அனுப்பினார்கள் அல்லவா? எத்தனை வருஷம் வந்தீர்கள், எத்தனையாவது படியில் நின்றீர்கள், பக்கத்தில் யார் என்று மூன்றே கேள்வி. நான் இருபத்தெட்டு வருஷம், பதினாலாம் படி, பக்கத்தில் என் மாப்பிள்ளை என்று எழுதினேன். நீங்கள் இருபத்தெட்டு வருஷம், பதினேழாம் படி, பக்கத்தில் என் மச்சான் என்று எழுதினீர்கள். அந்தம்மா எனக்குப் போன் போட்டு, “சார், பக்கத்துல பக்கத்துல நின்னோம்கறீங்க, நடுவுல மூணு படி உதைக்குதே, எதைப் போடட்டும்?” என்றார். “பதினாலே போடுங்கம்மா, அவருக்கு மறதி” என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? முப்பத்தாறு வருஷம் லேத் மிஷின் முன்னால் நின்றவன், ஒரு நூல் பிசகினாலும் சோறு இறங்காது. உடனே உங்களைக் கூப்பிட்டேன். “பதினேழுதான் மச்சான், வாரா வாரம் எண்ணிக்கிட்டே இறங்கி வந்தவன் நான்”னு நீங்க சொன்னீங்க. “பதினாலுதான், எண்ணிக்கிட்டே ஏறி வந்தவன் நான்”னு நான் கத்தினேன். கத்தினதோட போயிருக்கலாம். “ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போதே நழுவுற ஆளு நீங்க, உங்களுக்கு எந்தப் படின்னு எப்படித் தெரியும்?”னு கேட்டுட்டேன். நீங்க போனை வெச்சுட்டீங்க.

உங்கள் அக்கா கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்த மனுஷன் எதுக்குப் பாதியில கிளம்பினாருன்னு உங்களுக்குத் தெரியாது? வாயா அது?” என்றாள். தெரியும் மாப்பிள்ளை. கடைசி மூன்று வருஷம் என் தங்கச்சியின் ஆறு மணி மருந்துக்காக ஓடினீர்கள். ஸ்கோர் என்ன ஆயிற்று என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினீர்கள். அதைத்தான் நழுவுவது என்று சொன்னேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

அந்தப் படிகளைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம். வீட்டில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தால் நமக்குப் பேச்சே வராது. “அப்புறம்?” என்பீர்கள். “அப்புறம் என்ன, நீங்கதான் சொல்லணும்” என்பேன். உங்கள் அக்கா காபி கொண்டுவந்து காப்பாற்றுவாள். ஆனால் படியில் நின்றால் எல்லாருடைய கண்ணும் மைதானத்தில்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் பந்தைப் பார்த்துச் சொல்லலாம். முதல் வருஷம் ரெண்டு கோல் வாங்கிட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறோம். நீங்க திரும்பாமலே, “அண்ணே, உங்க தங்கச்சியை எனக்குக் குடுப்பீங்களா?”ன்னீங்க. கையை முறிச்சுக்கிட்டு உங்க எக்ஸ்ரே மேஜைக்கு வந்தவ அவ. அதுக்கப்புறம் கை சரியாகியும் மூணு தடவை வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஏன் ஓடினான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. “இருங்க, கார்னர் அடிக்கட்டும்”னேன். கார்னர் காத்துல போச்சு. “சரி”ன்னேன். நம்ம வீட்டுச் சம்பந்தம் அவ்வளவுதான் பேசினது.

இன்னொரு நாளும் அப்படித்தான். “அவ எக்ஸ்ரே நல்லா இல்ல மச்சான்”னு பந்தைப் பார்த்துக்கிட்டே சொன்னீங்க. நானும் பந்தையே பார்த்துக்கிட்டு, “எவ்வளவு நல்லா இல்ல?”ன்னு கேட்டேன். அன்னிக்கு நாம மூணு கோல் போட்டு ஜெயிச்சோமாம். மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சுற்றி நின்ற ஜனம் எல்லாம் குதித்தது, யாரோ என் முதுகில் ஓங்கி அறைந்து சந்தோஷப்பட்டான். நாம் இரண்டு பேர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சரி, முழங்காலுக்கு வருகிறேன். மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்தாலும் படி பதினாலுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அளந்து காட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று போன செவ்வாய்க்கிழமை ஒரு சாக்கட்டியுடன் மைதானத்துக்குப் போனேன். கீழ்வாசல் பூட்டியிருந்தது. தகர வேலியில் ஒரு சந்து இருந்தது. அது இருபது வருஷத்துக்கு முந்தைய என் வயிற்றுக்கு ஏற்ற சந்து. பாதியில் மாட்டிக்கொண்டேன். காவலுக்கு இருந்த அம்மா ஓடிவந்து, “யோவ், பெரியவரே, திருட வந்தீங்களா? உள்ள இருந்த பைப்பு எல்லாத்தையும் முன்னாடியே தூக்கிட்டுப் போயிட்டாங்க” என்றார். “இல்லம்மா, படி எண்ண வந்தேன்” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். அப்போது போனதுதான் முழங்கால். பேண்டும் போயிற்று.

ரத்தத்தைப் பார்த்ததும் அந்தம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. தன் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு எப்படியோ உச்சிக்குப் போய் உட்கார்ந்தேன். அவரே சாக்கட்டியை வாங்கிக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொரு படியிலும் நம்பர் போட்டு ஏறி வந்தார். ஒன்பதில் அவருடைய மகள் போன் போட, “குக்கர்ல ரெண்டு விசில்தான் விடணும்” என்று சொல்லி முடிப்பதற்குள் எண்ணிக்கை மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் என் காலடியில் முப்பது என்று எழுதினார். “இதுல நின்னுக்கிட்டா முழு ஆட்டமும் பார்த்தீங்க? உட்கார மாட்டீங்களா?” என்று கேட்டார். “உட்கார்ந்தா ஆட்டம் தெரியாதும்மா” என்றேன். எனக்கே அது பாதி பதில்தான் என்று பட்டது.

உட்கார்ந்தபடி திரும்பிப் பார்க்கிறேன், எனக்குப் பின்னால் மேல்வாசல்! ஆஸ்பத்திரி ரோட்டு வாசல்! ஐயோ மாப்பிள்ளை, நான் பட்டறையிலிருந்து கீழ்வாசல் வழியாக ஏறி வந்தேன். நீங்கள் டியூட்டி முடிந்து மேல்வாசல் வழியாக இறங்கி வந்தீர்கள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நாம் சேர்ந்து உள்ளே நுழைந்ததில்லை. சாக்கட்டியால் அங்கேயே கணக்குப் போட்டேன். முப்பது படியில் கீழிருந்து பதினாலு என்றால் மேலிருந்து பதினேழு. ஒரே படி! நீங்களும் சரி, நானும் சரி. தோளோடு தோள்தான் நின்றிருக்கிறோம். அந்தம்மாவுக்கு முன்னால் அழுதுவிட்டேன். “முட்டி ரொம்ப எரியுதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வருகிற ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய ரசிகர்கள் எல்லாரும் அவரவர் படியில் ஒரு தடவை வந்து நிற்கலாம் என்று கிளப்பில் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை இடிக்கிறார்கள். என் தங்கச்சி போன பிறகு நாம் இரண்டு பேருமே அந்தப் பக்கம் போகவில்லை. நம்மைக் கட்டி வைத்திருந்தது அவளும் அந்தப் படியும்தான். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. படியும் போய்விட்டால் நானும் நீங்களும் எதைச் சாக்கிட்டுப் பார்த்துக்கொள்வது? அந்தப் பயம்தான் எனக்கு. வாருங்கள். வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றால்கூடப் போதும்.

மருமகளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் ஆசிகள். பேரக்குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? உங்கள் அக்கா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள். என்னைப் பேசாமல் இருக்கச் சொல்கிறாள்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
மச்சான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் அந்தக் காவல்கார அம்மா போன் பண்ணினார். இடிக்கிற கம்பெனிக்காரர்கள் இன்று வந்து அளந்தார்களாம், மொத்தம் முப்பத்தொன்றாம். “பெரியவரே, நீங்க உட்கார்ந்திருந்த படியை நாம எண்ணவே இல்ல” என்கிறார். லேத் மிஷின் முன்னால் முப்பத்தாறு வருஷம் நின்ற லட்சணம் இது! ஆகையால் மேலே எழுதிய கணக்கை அடித்துவிடுங்கள், தோளோடு தோள் என்பதையும் சேர்த்து. முப்பத்தொன்றில் மேலிருந்து பதினேழு என்றால் கீழிருந்து பதினைந்து; நீங்கள் எனக்கு ஒரு படி மேலே நின்றிருக்கிறீர்கள். இத்தனை வருஷமாக உங்களை என்னைவிட உயரம் என்றே நினைத்திருந்தேன். கல்யாண போட்டோவில் என் காதுக்குக் கீழே நிற்கிறீர்களே என்று போட்டோக்காரனை எவ்வளவு திட்டியிருக்கிறேன், பாவம். கிளார்க்கம்மாவிடம் இரண்டு பேருக்கும் பதினேழே போடச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் இடத்திலேயே நில்லுங்கள். நான் ஒரு படி ஏறி வருகிறேன்.