தாய்மாமன் எழுந்து ஓடிய காதுகுத்து

நோய் வருவதென்றால் வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான இடத்தில் வர வேண்டும். சர்க்கரை என்றால் ஊரே நலம் விசாரிக்கும். முட்டி வலி என்றால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். எனக்கு வந்தது சிறுநீர்ப்பையில். முப்பத்தெட்டு வயதில் அரை மணிக்கு ஒரு தடவை, அதுவும் 'இப்போதே' என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளும். செஞ்சி நெல் மண்டியில் எனக்கு எடை எழுதும் வேலை. மூட்டையை வைத்துவிட்டு விவசாயி நிமிர்ந்தால் நான் நாற்காலியில் இருக்க மாட்டேன். ("இன்னாய்யா, இந்த ஆளு ஒரு எடத்துல குந்தவே மாட்டானா?")

ஊசி மாத்திரையெல்லாம் பார்த்துச் சலித்து, ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கொடுத்த சூரணத்தைவிடப் போட்ட கட்டளைதான் அதிகம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு டீ, தண்ணீரைக் குறைக்கக் கூடாது, கடிகாரம் பார்த்துத்தான் போக வேண்டும், அந்த நேரத்தையும் வாரா வாரம் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். நாலே மாதத்தில் ஒன்றரை மணி நேரம் தாங்கினேன். அத்தோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அப்போதுதான் என் தங்கை மல்லிகா, மூன்று வயது மகளுக்குக் காது குத்த நாள் வைத்தாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருவன்.

"எங்க மாமியார் வூட்ல எதுக்கெடுத்தாலும் கொற சொல்வாங்க. நீ கரெக்டா வந்து குந்திடுண்ணா, அது போதும்" என்றாள்.

என் வியாதி அவளுக்குத் தெரியாது. தங்கையிடம் போய் இதைச் சொல்வதா என்று கூச்சப்பட்டு மறைத்துவிட்டேன். சபை நடுவில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அடுத்த மடத்தனத்தையும் செய்தேன். மண்டியில் மூட்டை தூக்கும் ஏழுமலை, "நெருஞ்சிமுள்ளு கஷாயம் குடி சார், ஒரே நாள்ல சரியாய்டும். எனக்கு ஆச்சே" என்றார். விழாவுக்குக் கிளம்பும் முன் ஒரு சொம்பு கஷாயத்தை மடக் மடக்கென்று குடித்தேன். ஏழுமலைக்கு இருந்தது நீரடைப்பு என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அடைத்ததைத் திறந்துவிடும் மருந்தை, ஏற்கெனவே திறந்து கிடந்தவன் குடித்துவிட்டேன்.

அனந்தபுரம் பக்கத்தில் தங்கை வீட்டுக் குலதெய்வக் கோயில். அன்று புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகு காலம். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, குழந்தையை என் மடியில் வைத்தபோது மணி பதினொன்றே முக்கால். சரியாக அந்தப் பையின் மேலேயே வைத்தார்கள். ஆசாரி நிதானமான மனிதர். காதில் ஒரு பொட்டு வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். (கோயில் சிலைக்குக் கண் திறப்பவர்கூட இத்தனை தடவை தள்ளி நின்று பார்த்திருக்க மாட்டார்.) எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தாய்மாமனுக்குப் பாசத்த பாரேன்" என்றார் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா.

ஆசாரி ஊசியை எடுத்தார். நான் குழந்தையைத் தூக்கி மல்லிகா கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

எங்கள் வட்டாரத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் பாறைக்குப் பின்னால் கிடா உரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் பெண்கள் புடவை மாற்ற மறைப்பு கட்டியிருந்தார்கள். மூன்றாவதில் மாப்பிள்ளையின் சித்தப்பா, "வாங்க தம்பி, ஒரு கை கொறையுது" என்று சீட்டுக்கட்டோடு நகர்ந்து இடம் விட்டார். நான்காவது பாறை ஒரு கரும்புக் கொல்லையைத் தாண்டி இருந்தது.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ராகு காலத்துக்குப் பயந்து, மாப்பிள்ளையின் அண்ணன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். குழந்தை ஒரு பக்கம் அழுதது, மல்லிகா ஒரு பக்கம் அழுதாள்.

"இன்னாண்ணா இது? இத்தினி பேரு முன்னால எழுந்து போய்ட்ட?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் மாமனார் தீர்ப்பே சொல்லிவிட்டார். "பத்திரிகைல தாய்மாமன் பேரக் கீழ போட்டுட்டோம்ல, அந்தக் கோவம்."

அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்வதைவிட இது கௌரவமாகத் தெரிந்தது. "ஆமா. பேரக் கடைசில போட்டா நான் எதுக்கு வந்து குந்தணும்?" என்றேன். பாவி, சொல்லியிருக்கவே கூடாது.

மல்லிகா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதன் பிறகு இரண்டு வருடம் என்னிடம் பேசவில்லை. அவள் மாமியார் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் "உங்க அண்ணன் லட்சணம்தான் பாத்தோமே" என்று இடித்துக் காட்டுவதாகக் கேள்விப்பட்டேன். அதை அவள் என்னால் வாங்கிக்கொண்டிருந்தாள்.

நெருஞ்சிமுள் கதையைக் கேட்ட டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். விட்ட இடத்தைப் பிடிக்கவே ஆறு மாதம் ஆனது. "சூரணம் நான் குடுக்கறேன் சார். தங்கச்சிகிட்ட வாயத் தொறக்கறது உங்க வேலை" என்று போகும்போதெல்லாம் சொல்வார். மூன்று மணி நேரம் தாங்கும் தைரியம் வந்த பிறகு, ஒருநாள் அனந்தபுரம் போய் மல்லிகாவிடம் சொன்னேன்.

முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்து அழுதாள்.

"இதுக்கா? முன்னாடியே சொல்லியிருந்தா ஆசாரிய எல்லாம் ரெடி பண்ணிட்டு உன்னக் கூப்ட்டிருப்பேனே. என்கிட்ட சொல்றதுக்கு இன்னாண்ணா?"

அன்றைக்கே மாமியார் வீட்டாரிடமும் அவளே விஷயத்தை உடைத்துவிட்டாள்.

இப்போது அவர்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் மைக்கில் அறிவிப்பு வரும்: "தாய்மாமன் போய்ட்டு வந்துட்டாரா? அப்ப ஆரம்பிக்கலாம்." முதலில் சிரிப்பது அந்த மாமியார்தான். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன், பந்தலே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் அந்தக் குழந்தைக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கிப் போனேன். ஒன்பது வயதாகிவிட்டது அவளுக்கு. கம்மலைப் போட்டுவிட்டபடியே, "காது குத்துனப்போ ரொம்ப வலிச்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஞாபகம் இல்ல மாமா. பெரியப்பா சட்டையப் புடிச்சிக்கினு, 'மாமா வரட்டும், மாமா வரட்டும்'னு அழுதேனாம். அம்மா சொல்லுச்சி."