பதினோரு குதிரைகளும் வெட்டப்பட்ட ஆசீர்வாதமும்

நாக்டெரி,
லிமரிக் மாவட்டம்,
டிசம்பர் 22.

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் திரு. ஃபெர்கல் லேசி அவர்களுக்கு,

நாக்டெரி லாயத்தின் குதிரைப் பயிற்சியாளர் மலக்கி ட்வோமி பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி பிரீத்தும் இங்கு நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் இந்தப் பனிக்காலத்தில் சளி இருமல் எதுவும் அண்டாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். குதிரைகளின் நலத்தைத் தயவுசெய்து விசாரிக்க வேண்டாம். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

சீசன் பாதி முடிந்ததும் ஒவ்வொரு லாயத்துக்காரனையும் கூப்பிட்டு, உன் குதிரைகள் இதுவரை எப்படி ஓடின, இனி எப்படி ஓடும் என்று எழுதச் சொல்வது தங்கள் வழக்கம். இந்த வருடம்தான் முதன்முறையாக என்னைக் கேட்டீர்கள். பெருமையாக இருந்தது, மறைப்பானேன். என்னிடம் இருப்பது பதினோரு குதிரைகள், பதினொன்றும் தடை தாண்டி ஓடுபவை. மூன்று நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பேனா முனையைக் கடித்துக் கடித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை எழுதினேன். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘ஆண்டவர் காப்பாராக’ என்றும் எழுதினேன். அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் எங்கள் ஊரில் எந்த உயிரையும் யாரும் புகழ மாட்டார்கள், புகழ்ந்தால் கண்பட்டுவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தையானாலும் சரி, எதிர்வீட்டு மாட்டின் மடியானாலும் சரி. கோயில் பக்கமே தலை வைத்துப் படுக்காத எங்கள் மாட்டு டாக்டர்கூடக் கன்றின் முதுகில் கைவைத்து அதைச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். பதினோரு குதிரைக்குப் பதினோரு தடவை எழுதி அனுப்பினேன். நவம்பர் கடைசியில் நீங்கள் அச்சில் கொண்டுவந்தபோது பார்த்தால், ஐயா, பதினொன்றையும் காணோம். புகழ்ச்சி மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் நிற்கிறது.

அன்று நான் தர்ல்ஸ் ரேஸுக்குப் போயிருந்ததால் தங்கள் பத்திரிகையை எங்கள் ஃபிரிட்ஜ் கதவில்தான் படித்தேன். பிரீத் கத்தரித்து, காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். படித்த கையோடு தங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மிஸ் கில்ஃபாயில் என்ற உதவி ஆசிரியை எடுத்தார்.

“சார், இடம் பத்தல சார். பக்கத்துல ரப்பர் பூட்ஸ் விளம்பரம் வந்துடுச்சு. அதனால அதையெல்லாம் மொத்தமா எடுத்து…”

“எடுத்தீங்கல்ல? அது போதும்மா. எடுத்தேன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க.”

“இல்ல சார், முழுசா கேளுங்க, எடுத்து மேல…”

மேலே கீழே என்று சாக்குப்போக்குக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் லாயத்தில் ‘பாதிரியார் தூக்கம்’ என்று ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றி நான் எழுதியது, இந்த மாவட்டத்தில் இவனைப் போல் தாண்டுகிறவன் கிடையாது என்று. எழுதியது அச்சான நாலாம் நாள் அவன் லாயத்துக் கதவைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கோயில் மதில் சுவரையும் தாண்டி, ஃபாதர் கோல்மன் வாசலில் கட்டிவைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலுக்குள் போய் நின்றுகொண்டு, பாலகனை வைப்பதற்காகப் பரப்பியிருந்த வைக்கோல் முழுவதையும் தின்றுவிட்டான். நான் கயிற்றோடு ஓடினேன். ஃபாதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மலக்கி, குதிரை நல்லாத்தான் தாண்டுது, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பெத்லகேம்ல மாடு இருந்துச்சு, கழுதை இருந்துச்சு. குதிரை இருந்ததா நான் எங்கயும் படிக்கல. கூட்டிட்டுப் போ.” நல்லாத் தாண்டுது என்று சொன்னாரே தவிர அந்த இரண்டு வார்த்தையை அவரும் சொல்லவில்லை. “ஃபாதர், ஆண்டவர் காப்பாராகன்னு ஒரு வார்த்தை…” என்று இழுத்தேன். “உன் குதிரைகிட்டயிருந்து எங்களையும் சேர்த்து” என்றார்.

அடுத்தது ‘இரும்புக் கதவு’. பிறந்ததிலிருந்து ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை என்று அவனைப் பற்றி எழுதியிருந்தேன். சனிக்கிழமை காலையில் இருமினான். ஞாயிற்றுக்கிழமை அவனோடு சேர்ந்து ஐந்து பேர் இருமினார்கள். இப்போது லாயத்துக்குள் போனால் குளிர்காலப் பூசையில் பின்பெஞ்சுக்காரர்கள் இருமுகிற சத்தம்தான். மூன்றாமவள் ‘பூனை நடை’. கைக்குழந்தையைக்கூட ஏற்றிவிடலாம், அவ்வளவு சாது என்று எழுதியிருந்தேன். அவள் எங்கள் ஜாக்கி டோனலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த இடமாகப் பார்த்து, சேற்றில் இறக்கிவிட்டுத் தனியாக வீடு வந்து சேர்ந்தாள். டோனல் அரைமணி கழித்து நடந்து வந்தான். “பாஸ், நீங்க எழுதுனத நம்பித்தான் ஒரு கையால புடிச்சிருந்தேன். இன்னொரு கையில பன் இருந்துச்சு” என்றான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, ஐயா. சிரித்துவிட்டுப் போகலாம். என் தூக்கத்தைக் கெடுப்பது நோராதான். முழுப் பெயர் ‘நோரா சொன்னால் சரி’. ஏழு வயதுப் பெண் குதிரை, திருமதி ஹானராஹன் அம்மாவுடையது. அந்த அம்மாவுக்கு என்னிடம் மூன்று குதிரைகள், இருப்பதிலேயே நல்ல மூன்று. அந்த மூன்றும் போனால் மீதி எட்டை வைத்துக்கொண்டு லாயம் நடத்த முடியாது என்பது ஊருக்கே தெரியும். நோராவைப் பற்றி நான் எழுதியது இவ்வளவுதான்: ‘இவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது.’ இப்போது அவளுக்குப் பயத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. தடையைக் கண்டால் நின்றுவிடுகிறாள். வேகமாகத்தான் வருகிறாள், காது இரண்டும் முன்னால், வருகிற அழகைப் பார்த்தால் நமக்கே நெஞ்சு நிறைந்துவிடும். பத்தடி தூரத்தில் சட்டென்று பிரேக் போட்டு நிற்கிறாள். டோனல் மட்டும் தாண்டி அந்தப் பக்கம் போகிறான்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. நீங்கள் வெட்டியதை நானே ஈடுகட்டலாமென்று நாக் மாதா கோயில் தீர்த்தத்தைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, பத்திரிகை வந்த மறுநாளிலிருந்தே தினமும் காலையில் தடைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொள்கிறேன். அவள் கிட்டே வந்ததும் எழுந்து, தீர்த்தத்தை முகத்தில் தெளித்து, மூன்று மைலுக்குக் கேட்கிற குரலில் ‘ஆண்டவர் காப்பாராக’ என்று சொல்கிறேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? அப்படியும் நிற்கிறாள். நாளுக்கு நாள் இன்னும் தள்ளியே நிற்கிறாள். உங்கள் வெட்டு எவ்வளவு ஆழமாகப் பாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

போன ஞாயிறு திருமதி ஹானராஹன் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். குடையை ஊன்றிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நோரா நின்றதையும், டோனல் பறந்ததையும், நான் பாட்டிலோடு எழுந்ததையும்.

“மலக்கி, எனக்கு உன்மேல கோபமில்ல. வருத்தம்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிமரிக்ல இவ ஓடட்டும். தாண்டினா இங்கயே இருக்கட்டும். நின்னான்னா, மூணையும் கில்டேருக்கு அனுப்பிடறேன். அங்க ஒருத்தர் குதிரைக்கு நீச்சல்குளமே கட்டி வச்சிருக்காராம்.”

“அம்மா, இவளுக்குத் தண்ணி ஆகாது.”

“நீ தெளிக்கிறப்பவே தெரியுது” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

பிரீத்தின் அண்ணன் என்னிஸில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வா மாப்பிள்ளை, ஏசி ரூம், சேறு கிடையாது என்று பத்து வருடமாகக் கூப்பிடுகிறார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. விடிந்ததும் பதினோரு தலை கதவுக்கு மேல் நீண்டு என்னைப் பார்க்காவிட்டால் எனக்குப் பொழுது விடிந்ததாகவே தோன்றாது. டைல்ஸ் என்னை எட்டிப் பார்க்குமா? சொல்லுங்கள், ஐயா.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. யார் ஆசீர்வாதத்தை எடுத்தாரோ அவரே வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மிஸ் கில்ஃபாயில் 25ஆம் தேதிக்குள் நாக்டெரிக்கு வந்து, பதினோரு கழுத்திலும் கைவைத்து, பதினோரு தடவை அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நோராவிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னால் நல்லது. சேறு இருக்கும். பூட்ஸ் நாங்கள் தருகிறோம், உங்கள் விளம்பரத்தில் வந்த கம்பெனியுடையது அல்ல.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் அச்சுக்கூடத்தில் உள்ள அனைவருக்கும், தவறு செய்தவர்களையும் சேர்த்தே, இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மனம் நொந்த,
மலக்கி ட்வோமி.

பின்குறிப்பு (டிசம்பர் 27): மேலே உள்ள கடிதம் ஐந்து நாளாக என் கோட்டுப் பையிலேயே இருந்திருக்கிறது. தபாலில் போட மறந்ததும் ஆண்டவர் செயல்தான். கிறிஸ்துமஸ் அன்று மதியம், மாதக்கணக்கில் விஸ்கி ஊற்றி ஊற்றி வளர்த்த கேக்கைப் பிரீத் டப்பாவிலிருந்து வெளியே எடுத்தாள். டப்பாவின் அடியில் விரித்திருந்த காகிதம் உங்கள் பத்திரிகை. ஃபிரிட்ஜில் ஒட்ட என் பகுதியைக் கத்தரித்ததுபோக மிச்சமிருந்த மேல்பாதி. அதில் பக்கத்தின் அகலத்துக்கும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள்: ‘நாக்டெரியின் பதினோரு குதிரைகள்: அத்தனையையும் ஆண்டவர் காப்பாராக!’

நான் பிரீத்தைப் பார்த்தேன். பிரீத் கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

“ஏன்டி, இதையா வெட்டின?”

“பக்கத்துல உன் போட்டோ இருந்துச்சு, கண்ண மூடிக்கிட்டு. அதோட ஃபிரிட்ஜ்ல எப்படி ஒட்டறது? அது கிடக்கட்டும் மலக்கி. ஒரு மாசமா இந்த ஆசீர்வாதத்துக்கு மேலதான் கேக்கு உக்காந்திருக்கு. நோரா ஏன் நிக்கறா தெரியுமா? தடைக்குப் பின்னாலருந்து ஒரு ஆள் பாட்டிலோட எழுந்து கத்தினா, நான்கூடத்தான் நிப்பேன்.”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் லிமரிக்கில் தடைக்குப் பின்னால் என்னை யாரும் உட்கார விடமாட்டார்கள், நானும் தீர்த்தத்தை எடுத்துப் போகவில்லை. பிரீத் ஒரு பக்கமும் ஹானராஹன் அம்மா ஒரு பக்கமும் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் தடைக்கு நோரா காது இரண்டையும் நீட்டிக்கொண்டு வந்தாள். பத்தடியில் ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்தாள், சத்தியமாகச் சொல்கிறேன், என்னைத்தான் தேடினாள். நான் இல்லை. தாண்டிவிட்டாள். அதன்பிறகு எல்லாத் தடையையும் தாண்டி, இரண்டு குதிரை நீளத்தில் ஜெயித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹானராஹன் அம்மா குடையால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, “மூணும் இங்கயே இருக்கட்டும். நீ மட்டும் தடைப் பக்கம் போகாத” என்றார்.

ஆகவே மேலே எழுதிய அனைத்தையும், தேதியையும் கிறிஸ்துமஸ் வாழ்த்தையும் தவிர, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் பிரீத் ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, வீணாக்கக் கூடாதென்று சொல்வதால் அனுப்புகிறேன். மிஸ் கில்ஃபாயிலிடம் போனை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். அவருக்கென்று கேக் ஒரு துண்டு இத்துடன் வருகிறது. சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். கூடவே அந்த இரண்டு வார்த்தையையும் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வருடக் கேக்கும் பிரீத்தேதான் செய்ய வேண்டும்.