தலை நிற்காத பூதம்

பூதத்தின் தலை நிற்கமாட்டேன் என்றது. நிமிர்த்தி வைத்தால் முன்னால் கவிழ்ந்தது. பின்னால் தள்ளினால் இடது தோளில் சாய்ந்துகொண்டது. ரசீது அக்கா சாப்பாட்டு டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு, நீளமான குண்டூசி ஒன்றை எடுத்துப் பூதத்தின் கழுத்தில் செருகினாள்.

தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில் ரசீது போடுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளைவிட மூத்த பியூன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதிலுக்கு அவள் அவரை அண்ணே என்பாள்.

"என்னக்கா இது, சாப்பிடாம பொம்மையோட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க?"

"பூதம் அண்ணே. பொண்ணு வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல கதை சொல்லணும். நிலாவை முழுங்குன பூதமாம். வீட்ல இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?"

பியூன் குனிந்து பார்த்தார். கண் விரிந்தது. "பூதம்தான்," என்றார். "சந்தேகமே இல்லக்கா, பூதமேதான்." தண்ணீர் ஜக்கை வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

உண்மையில் அது கரடி. ஊசி, நூல், பஞ்சு, செய்முறைத் தாள் எல்லாம் போட்டு விற்கிற குரோஷா பின்னல் பெட்டிகளில் கடையில் மிச்சம் இருந்தது கரடி மட்டும்தான். கரடி வேண்டாம் என்று மகள் காலை உதைத்து அழுதாள். "அங்கங்க மாத்திப் பின்னுனா கரடி பூதமாயிடும், போடி," என்று இவள் வீரம் பேசிவிட்டாள். வீரம் பேசுவதற்குக் கண்ணி எண்ணத் தெரிய வேண்டியதில்லையே.

கரடியின் துருத்திய மூஞ்சிக்கு ஒரு வெள்ளை வட்டம் பின்னச் சொல்லியிருந்தது தாள். பின்னி முடித்த பிறகுதான் பூதத்துக்கு மூஞ்சி நீளாது என்று மகள் சொன்னாள். வீணாக்க மனமில்லாமல் அதை உச்சந்தலையில் தொப்பியாக வைத்துத் தைத்தாள். மேலே நிற்க வேண்டிய காதுகளைக் கீழே இறக்கிப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாள். மூக்குக்கான கறுப்பு நூல் மீசை ஆனது. நிலாவை விழுங்கிய வயிறல்லவா, வரிசைக்கு வரிசை கண்ணியைக் கூட்டிக்கொண்டே போய், இருந்த பஞ்சையெல்லாம் அதில் திணித்தாள். தலைக்கனமும் தொந்தியும் கூடிப்போனதால் கழுத்து தாங்கவில்லை.

இரண்டாவது ஊசியையும் செருகிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்றிருந்தார்.

அவருக்கு அலுவலகத்தில் 'இடி' என்று பெயர். "என்னம்மா இது, ஆபீஸா, தையல் கடையா?" என்று கட்டடம் அதிரப்போகிறது என்று ரசீது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் அதிரவில்லை. திறந்து பார்த்தபோது அவர் போயிருந்தார்.

'அப்பாடா, தப்பிச்சோம்' என்று நினைத்தாள். அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான்.

வீட்டில் சோபாவில் படுத்திருந்த வீட்டுக்காரர் பொம்மையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வேலை போய்ச் சில மாதம் ஆகிறது. அதனால் ஊரார் வேலை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்ப்பார். மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன்டீ, இது உங்க மேனேஜர் இல்ல?"

"சும்மா உளறாதீங்க."

"வழுக்கையைப் பாரு. அந்தக் காதைப் பாரு. கம்பெனி விழாவுல இதே தொந்தியோடதானே மைக் பிடிச்சு நின்னாரு?"

பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். குரங்காக முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கரடியைப் பூதமாக்கப் போய், ஓர் அங்கம் விடாமல் இடியைப் பின்னி வைத்திருக்கிறாள். அதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, அவர் கண்ணுக்கு நேராகக் காட்டியும் இருக்கிறாள்.

"பார்த்துட்டு என்ன சொன்னாரு? கத்தினாரா?"

"ஒண்ணுமே சொல்லல."

"ஐயையோ," என்றார் வீட்டுக்காரர்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. இடி இடித்தால் அந்த அலுவலகத்தில் யாருக்கும் பயமில்லை. யாரையாவது வேலையிலிருந்து அனுப்பப்போகிறார் என்றால் மட்டும் அவர் குரல் இறங்கும், மரியாதை ஏறும். ஸ்டோர்ஸ்காரரிடம் ஒரு நாள் "வாங்க, காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். காபி ஆறுவதற்குள் அவருக்கு வேலை போய்விட்டது. ரசீது அக்காவுக்கும் போனால், அந்த வீட்டுக்குச் சம்பளம் என்று ஒன்று வராது.

மறுநாள் பஸ் கிடைக்காமல் தாமதமாகத்தான் போனாள். மேனேஜர் வராந்தாவில் நின்றிருந்தார். முகத்தை மட்டும் திருப்பாமல், முழு உடம்போடு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். எதிரியைப் பார்க்கிறவர்கள்தான் அப்படித் திரும்புவார்கள் என்று அவளுக்குப் பட்டது.

"வாங்க," என்றார். "பஸ் லேட்டா? பரவாயில்ல, மெதுவா வந்தாப் போதும்."

அன்றைக்கு அவள் போட்ட ரசீதுகளில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது.

புதுப் பொம்மை பின்ன நூலும் இல்லை, நாளும் இல்லை. இருப்பதையே அடையாளம் தெரியாமல் மாற்றிவிட வேண்டியதுதான் என்று வீட்டில் உட்கார்ந்து, மிச்ச நூலில் இரண்டு கொம்பு பின்னித் தலையில் வைத்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப கோபத்துல இருக்குற மேனேஜர்," என்றார் வீட்டுக்காரர்.

கொம்பைப் பிடுங்கினாள். மீசையை எடுத்துவிடலாம் என்று கத்தரித்தபோது கூடவே வாய் நூலும் அறுந்து, உதடு கீழே தொங்கிவிட்டது.

"இது மாசக் கடைசியில விற்பனை குறையுறப்போ," என்றார் அவர். "விழாவுல இந்த மூஞ்சியையும் காட்டினாரே."

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்!" என்று கத்திவிட்டு, ரசீது அக்கா அழுதேவிட்டாள்.

மிச்சம் இருந்தது தொந்தி. அடுத்த நாள் மதியம், சாப்பாட்டு அறைக்குப் போகப் பயந்து, பழைய மோட்டார்கள் கிடக்கும் அறைக்குள் ஒளிந்துகொண்டு பூதத்தின் வயிற்றைப் பிரித்தாள். பஞ்சைப் பிடி பிடியாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. இடி.

கையில் பஞ்சு, மடியில் பூதம், அதன் கழுத்தில் ஊசி. 'சார்' என்று சொல்ல நினைத்தாள். பஞ்சை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கத்தான் முடிந்தது.

மேனேஜரின் நெற்றி வியர்த்திருந்தது. "நீங்க... நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்று சொல்லி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். அந்தக் கதவைச் சத்தம் வராமல் சாத்த முடியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

சற்று நேரத்தில் பியூன் வந்தார். "என்னக்கா ஆச்சு? ஐயா சாப்பாட்டைத் தொடவே இல்ல. அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு."

"கோபமா அண்ணே?"

"முகமே சரியில்லக்கா. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல."

இராத்திரி பிரித்த வயிற்றை மூடி, தலையையும் தைத்துவிட்டாள். அவசரத்தில் தைத்ததில் அது இடது தோள்மேல் சாய்ந்தே நின்றுவிட்டது. மகளுக்கு ஒரே சந்தோஷம். "நிலாவை முழுங்கிட்டுத் தூங்குதும்மா!" என்று கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, முடிந்தால் தலையைப் பிரித்துத் தைக்கலாம் என்று பூதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்கார்வதற்குள் அழைப்பு வந்துவிட்டது. பையைக்கூட வைக்காமல், மேனேஜர் அறைக்கு எப்படி நடந்து போனாள் என்று அவளுக்கே தெரியாது.

"வாங்க, உக்காருங்க," என்றார் அவர். "காபி சாப்பிடுறீங்களா?"

முடிந்தது. "வேண்டாம் சார்."

"இங்க உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

"ஒரு குறையும் இல்ல சார். இந்த வேலைதான் சார் எனக்கு எல்லாம்."

"பாப்பா நல்லா இருக்காளா? நாளைக்கு லீவு எடுத்துக்குங்க. வேணும்னா அடுத்த வாரமும் எடுத்துக்குங்க. ரொம்ப உழைச்சிட்டீங்க." பேசும்போது அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் கைப்பையையே பார்த்தார். ரசீது அக்காவும் குனிந்து பார்த்தாள். பாதி திறந்த ஜிப் வழியாகப் பூதம் வழுக்கைத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தது.

ஜிப்பை வேகமாக இழுத்தாள். அது பூதத்தின் கழுத்தில் போய்ச் சிக்கியது. மேனேஜர் "ஐயோ!" என்றார்.

"சார், மன்னிச்சிடுங்க சார்..."

"இல்லல்ல, மெதுவா, மெதுவா. நீங்க போங்க."

இடத்துக்கு வந்து டம்ளரையும் குடையையும் மேசை விரிப்பையும் எடுத்துக் கட்டினாள். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு மேடை ஏறுகிற பிள்ளையிடம் இந்த முகத்தை எப்படிக் காட்டுவது? கண்ணீர் ரசீதுப் புத்தகத்தில் சொட்டியது.

பக்கத்தில் யாரோ செருமினார்கள். பியூன்.

"குடுங்க அண்ணே," என்று கையை நீட்டினாள். "ஆர்டர் தானே?"

பியூன் வெறும் கையோடு நின்றார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"ஆர்டரெல்லாம் இல்லக்கா. நீங்க கழுத்துல ஊசி குத்துன மறுநாள்லேர்ந்து ஐயாவால தலையைத் திருப்ப முடியலையாம். பஞ்சை எப்ப வேணா திருப்பி வச்சுக்கலாம், தலையை மட்டும் இன்னிக்கே கொஞ்சம் நேரா வச்சுத் தெச்சுக் குடுத்துடுவீங்களான்னு கெஞ்சிக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."