சீஸ் அறையில் மூன்று சுற்று

காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு நான் என் மகனின் எதிர்காலத்துக்குச் சாம்பிராணி போட்டேன். மணி இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. கடைச் சுவரோரம் ஆளுயரக் கடிகாரம் ஒன்று இருந்தது. போகிற போக்கில் அதற்கும் தூபம் காட்டினேன். அதுவாவது என்னைத் தடுத்திருக்கலாம்.

போன ஆயுத பூஜையன்று நடந்தது இது. வருடம் ஒன்று ஓடிவிட்டது. இன்னும் யாராவது தூபக்காலில் கரித்துண்டை ஊதினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

என் மூத்த மகன் சுந்தரம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கான பெரிய மளிகைக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். பிஸ்கட், ஜாம், வெண்ணெய், டப்பாவில் அடைத்த மீன், இவற்றோடு சீஸ். பதினெட்டு வயதில் பெட்டி தூக்கத்தான் சேர்ந்தான். கப்பல் கம்பெனியில் இங்கிலீஷில் கடிதம் எழுதும் குமாஸ்தாவின் பிள்ளை பெட்டி தூக்குவதா என்று நான் இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. (அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அதுதான் அதிக வேதனை.) அவன் அம்மாவின் வருத்தம் வேறு மாதிரி. சிராங்கூன் சாலை முனையில் அவன் திரும்பும்போதே அவளுக்கு வாடை வந்துவிடுமாம். கொல்லைப்புறத்தில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவாள்.

"கெட்டுப்போன பாலை எவன்டா காசு குடுத்து வாங்குவான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கெட்டுப்போனது இல்லப்பா, பக்குவமானது. இது உசுரோட இருக்கிற சாமான். மூச்சு விடும். பக்கத்துல எந்த வாசனை இருந்தாலும் உள்ள இழுத்துக்கும்."

சோறு வேகவில்லை என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவேனோ, அப்படித் தலையாட்டினேன்.

எட்டு வருடத்தில் அவன் கற்றுக்கொண்டதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. பெட்டிகளில் ஒட்டியிருந்த தாள்களைப் படித்தான். தினமும் விடிந்ததும் போய் ஒவ்வொரு சீஸையும் புரட்டி வைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பான். மூக்கை வைத்தே வயதைச் சொல்லிவிடுவான். கடைசியில் கடைக்காரத் துரைக்கே அது தெரிந்தது. பினாங்குக்குப் புறப்படும் முன் அவனைக் கூப்பிட்டு, "ஐந்து நாள் சீஸ் பகுதி உன் பொறுப்பு. நான் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது உனக்கே. இல்லையென்றால் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரரை வரவழைப்பேன்" என்று சொன்னார். அந்தக் கடையில் நம்மவர் எவரும் அதுவரை மேசைக்குப் பின்னால் நின்று விற்றதில்லை.

எனக்கு நான்கு நாள் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் ஆயுத பூஜை.

"தராசுக்கும் கத்திக்கும் பொட்டு வச்சுக்கலாம்பா. சீஸ் அறைக்குள்ள மட்டும் வேணாம்" என்றான் சுந்தரம். சரி என்றேன். காலையில் அவனோடு நானும் கடைக்குப் போனேன். தராசுக்குச் சந்தனம் வைத்தோம். கத்தியைக் கழுவிப் பூ சாத்தினோம். ஒன்பது மணிக்கு, புதுச் சரக்கை இறக்க அவன் மற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். "கொஞ்ச நேரம் கடையைப் பாத்துக்கங்கப்பா. யாராவது வந்தா உட்கார வைங்க."

தனியாக நின்ற எனக்கு ஒரு யோசனை வந்தது. தராசுக்கு மரியாதை, கத்திக்கு மரியாதை, என் பிள்ளைக்குச் சோறு போடும் சீஸுக்கு மட்டும் ஒன்றும் இல்லையா? படிக்காதவனுக்கு இப்படியொரு யோசனை வந்திருக்காது. தர்க்கம் படித்ததால் வந்தது.

தூபக்காலோடு சீஸ் அறைக் கதவைத் திறந்தேன். ஐஸ் கட்டிகள் அடுக்கிக் குளிரவைத்த அறை. நாற்றம் முகத்தில் அறைந்தது. இதற்குத்தான் சாம்பிராணி என்று முடிவு செய்து மூன்று பிடி அள்ளிப் போட்டேன். சிவப்பு மெழுகு பூசிய டச்சு உருண்டைகள் ஒரு தட்டில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் திருநீறு பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். மொட்டை அடித்த ஒரு குடும்பம் சாமி கும்பிட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (பக்தியா புகையா, தெரியாது.)

பத்தரைக்குச் சுந்தரம் வந்தான். வாசற்படியிலேயே நின்றான். மூக்கு மட்டும் உள்ளே வந்தது.

"அப்பா."

"என்னப்பா?"

"உள்ள போனீங்களா?"

"சும்மா ஒரு சுத்து காட்டிட்டு வந்தேன்."

"ஒரு சுத்தா?"

"மூணு."

"கதவு?"

"சாத்திட்டுத்தான் வந்தேன். புகை வீணாப் போயிடக்கூடாதுல்ல."

(இப்போதும் வீட்டில் நான் யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பினால், என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "எத்தனை சுத்து?" தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியும்.)

அவன் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனான். உருண்டைகளை ஈரத்துணியால் துடைத்தான். "மெழுகு காப்பாத்திடுச்சு." துணி சுற்றிய பெரிய வட்டங்களில் மேல்துணியை உரித்தான். குழல் போன்ற ஓர் இரும்புக் கருவியை ஆழமாகச் செருகி, பென்சில் கனத்துக்கு ஒரு துண்டை உருவி எடுத்தான். முகர்ந்தான், நுனியைக் கடித்தான், மீதியை அதே ஓட்டையில் செருகி மூடினான்.

"இது பொழைக்கும்."

அடுத்தது.

"இது பொழைக்கும்."

அடுத்ததில் நீண்ட நேரம் நின்றான். "இது இல்ல."

பிரசவ அறைக்கு வெளியே நிற்பவனைப் போல நான் கதவோரம் நின்றேன். முப்பத்திரண்டு சீஸ். ஒவ்வொன்றும் எந்த ஊர், எப்போது கப்பலேறியது, இன்னும் எத்தனை வாரம் தாங்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். எந்தத் தாளையும் பார்க்கவில்லை. நான் எட்டு வருடமாகப் பெட்டி தூக்கி என்று ஊரிடம் மறைத்த பிள்ளை, ஒரு வைத்தியனைப் போல அங்கே நடந்துகொண்டிருந்தான். பயத்தோடு பயமாக எனக்கு ஒரு கர்வமும் வந்தது. அதை வெளியில் காட்டும் தகுதி அன்று எனக்கில்லை.

ஐந்து தேறவில்லை. அவற்றில் ஒன்று, நீல நரம்பு ஓடும் சீஸ். முந்தின நாள்தான் வெட்டியிருந்ததால் புகை முழுதும் உள்ளே இறங்கிவிட்டது.

அந்த நீல சீஸைக் கேட்டுத்தான் பதினோரு மணிக்கு ஒரு பெரிய பங்களாவின் ஹைனானியச் சீனச் சமையல்காரர் வந்தார். மூத்தவர், மலாயில்தான் பேசுவார். அன்று அந்த வீட்டில் விருந்தாம்.

"அங்கிள், அது இன்னைக்கு விக்க மாட்டேன்" என்றான் சுந்தரம். "சாம்பிராணி வாசம் ஏறிடுச்சு."

அவர் வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "எங்க கோயில் மாதிரி மணக்குது லா! குடு, பரவாயில்ல. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியப் போகுது?"

நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். குடுத்துடு, குடுத்துடு.

"அவருக்குத் தெரியாது அங்கிள். எனக்குத் தெரியுமே" என்றான் சுந்தரம். டச்சு உருண்டையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான். கிழவர் மென்றார். தலையை ஆட்டினார். உருண்டை முழுதையும் வாங்கிக்கொண்டு போனார்.

தேறாத ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்தான். "நாளைக்குத் துரை வந்ததும் முதல்ல இதைத்தான் காட்டணும்." ஈரத்துணியைப் பிழிந்து உதறினான். "எட்டு வருஷம்பா" என்றான்.

ஆனால் துரை மறுநாள் வரவில்லை. கப்பல் சீக்கிரம் வந்துவிட்டதாம். அன்று பகல் இரண்டு மணிக்கே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். காற்றை இழுத்தார். "இது என்ன வாசனை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் பிள்ளையைக் காப்பாற்ற நான் முந்திக்கொண்டேன். இருபத்தைந்து வருட இங்கிலீஷ் முழுவதையும் திரட்டி, "எலி, ஐயா! நிறைய எலி! விரட்டப் புகை போட்டோம்!" என்றேன்.

சீஸ் கடைக்காரரிடம் சொல்லவே கூடாத ஒரே வார்த்தையை நான் தேடிப்பிடித்துவிட்டேன் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"எலி இல்லை, ஐயா" என்றான் சுந்தரம். "அப்பா கும்பிட்டார்."

ஐந்து சீஸையும் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். மற்ற இருபத்தேழு பிழைக்கும் என்றான். அதில் ஒன்றை அந்தச் சமையல்காரர் வாங்கிப்போனதையும் சொன்னான். துரை இரும்புக் கருவியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கடிகாரத்தில் முள் நகரும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. எத்தனை சீஸைச் சோதித்தாரோ தெரியாது. வெளியே வந்தபோது அவர் மீசையில் துணுக்கு ஒட்டியிருந்தது.

"நீ சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை" என்றார் சுந்தரத்திடம். "நாளையிலிருந்து இந்த மேசைக்குப் பின்னால் நின்று நீயே விற்க வேண்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடித் தமிழிலேயே சொன்னார்:

"நீங்க அடுத்த வருஷமும் வாங்க. நல்லாக் கும்பிடுங்க. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு."